குழந்தைகளுக்கு ஒரு புறம்போக்கு வேண்டும்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், பிள்ளைகளை இயற்கையோடு பழக்க எங்கே அழைத்துச் செல்லலாம் என்று என்னுடன் பணியாற்றும் பெற்றோர் கேட்பார்கள். டாப்சிலிப், வேடந்தாங்கல், கொடைக்கானல் என்று பெயர்கள் வரிசையாக வரும். அங்கெல்லாம் போக வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டில் யானையைப் பார்த்த பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் வண்டியில் அமர்ந்து, வழிகாட்டி கை நீட்டும் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்புவதை விளையாட்டு என்று கொள்ள முடியாது. விளையாட வேண்டுமானால் தொட வேண்டும், பறிக்க வேண்டும், தோண்ட வேண்டும், கெடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். சரணாலயத்தில் இவை எதற்கும் அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. குழந்தை விளையாடுவதற்கான இயற்கை வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், அன்றாடம் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும். அது அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மண்ணும் முள்ளும் ஒரு குட்டையும் நான்கைந்து மரங்களும் உள்ள புறம்போக்கு போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்களைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் வளர்ந்தது மதுரைக்குத் தெற்கே, கண்மாய்ப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு சிற்றூரில். கண்மாய்க் கரை, மடை, கலுங்கு, யாருடைய பட்டாவிலும் சேராத மேய்ச்சல் நிலம், அதன் ஓரமாக வரிசையாய் நிற்கும் பனைகள், ஒரு பெரிய புளியமரம், களத்துமேடு ஆகியவைதான் எங்கள் எல்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் இவை மேய்க்கால் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, களம் என்று தனித்தனியாகப் பிரிந்து கிடந்திருக்கும். எங்களுக்கு எல்லாம் ஒரே இடம். பள்ளி விட்டதும் பையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால், விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை திரும்ப மாட்டோம். எங்களை யாரும் கண்காணித்ததில்லை. ஆனால் ஓர் அலறல் கேட்டால் ஓடிவரக் கூடிய தொலைவில் ஆடு மேய்க்கும் தாத்தாவோ, வயலில் களை எடுக்கும் பெண்களோ எப்போதும் இருந்தார்கள். பெரியவர்கள் கண்ணில் படாமலும் குரலுக்கு எட்டியும் இருந்த அந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இருந்தும், பிள்ளைகளின் விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

அங்கே விளையாட்டுகளுக்கு ஒரு நாட்காட்டி இருந்தது. அதை வகுத்தது மழையும் காற்றும்தான். சித்திரையில் நுங்கு வெட்டத் தொடங்கினால், சுளைகளை எடுத்த பின் மிஞ்சும் வெறுங்காய்கள் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவைக் கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டிகள் தெருவெங்கும் ஓடும். குச்சி காயின் நடுவில் செருகப்படாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிடுங்கி மறுபடி செருக வேண்டும். வைகாசியில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா முடிந்ததும், வெடித்துக் கிடக்கும் உள்வாய், அதாவது கண்மாயின் நீர் நிற்கும் தரை முழுவதும் ஓடியாடும் திடலாகிவிடும். ஆடிக் காற்றுக்கு, பனை ஓலையைக் குறுக்காக மடித்துக் கருவேல முள்ளைக் குத்திச் செய்த காற்றாடி. அதே காலத்தில் நாவல் பழம். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்த காலையில், மண்ணுக்குள்ளிருந்து செக்கச் செவேலென்று வெல்வெட் பூச்சிகள் வெளியே வரும். அதைப் பூச்சி என்றுதான் அழைத்தோம். ஆனால் கையில் ஊர விட்டுக் கால்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு எட்டு இருப்பது தெரியும். அது சிலந்திக் குடும்பத்தோடு சேர்ந்த உயிர் என்று பின்னாளில் படித்தபோது, அந்த எட்டுக் கால்களுக்கு விளக்கம் கிடைத்தது. மழைக்காலத்திலேயே பொன்வண்டும் வரும். தீப்பெட்டிக்குள் கொடுக்காப்புளி இலையோடு வைத்து, முட்டையிடுகிறதா என்று விடிந்ததும் திறந்து பார்ப்போம். மார்கழி, தை மாதங்களில் இலந்தையும் பனங்கிழங்கும்.

பருவத்தைப் பொருட்படுத்தாத விளையாட்டுகளும் இருந்தன. தாத்தா பூவின் காம்பை விரல்களுக்கு இடையே வைத்து, காசு தருகிறாயா, தலையை வெட்டவா என்று கேட்டுக் கட்டைவிரலால் சுண்டுவது. பட்டாசுக்காயை எச்சிலில் நனைத்துக் கூட்டாளியின் கையில் கொடுத்து, அது பட்டென்று வெடித்து விதை சிதறுவதைப் பார்ப்பது. காட்டாமணக்குப் பாலைப் புல் வளையத்தில் தோய்த்துக் குமிழி ஊதுவது. பூவரசு இலையைச் சுருட்டி நுனியை நசுக்கிப் பீப்பி செய்வது. கொடுக்காப்புளி விதையில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பு தெரியாமல் மேலே உள்ள கறுப்புத் தோலை மட்டும் நகத்தால் உரித்தெடுப்பது. கடைசியாகச் சொன்னதைச் செய்து பார்க்காதவர்களுக்கு அதன் கடினம் புரியாது. விரல் நுனிக்கு அவ்வளவு பொறுமையும் நுட்பமும் தேவைப்படும் வேறொரு வேலையை ஆறு வயதுப் பிள்ளை தானாக விரும்பி ஏற்காது.

எனக்கு மிகவும் பிடித்தது குழியானை என்ற சிறு பூச்சி. கூரைக்குக் கீழே மழை படாத புழுதியில், புனலைப் போன்ற சிறு குழிகளின் அடியில் அது ஒளிந்திருக்கும். ஓர் எறும்பைப் பிடித்து விட்டால், ஏற ஏற மணல் சரியும். அடியிலிருந்து குழியானை மண்ணை வாரி மேலே வீசும். எறும்பு இறங்கிக்கொண்டே போகும். உலர்ந்த மணல் ஒரு குறிப்பிட்ட சரிவுக்கு மேல் நிற்காது என்பதும், அந்த எல்லைச் சரிவிலேயே குழியை அமைப்பதால்தான் எறும்பின் எடைக்கே அது சரிந்துவிடுகிறது என்பதும் கல்லூரியில் படிக்க வேண்டிய பாடங்கள். ஆனால் ஈர மணலில் குழியானை குழி பறிப்பதில்லை என்பதையும், பருமணலைவிடப் பொடிமணலில்தான் அது அதிகம் இருக்கும் என்பதையும் பள்ளியில் சேராத வயதிலேயே நாங்கள் அறிந்திருந்தோம். அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டால் பின்புறமாகவே நகரும். அது வளர்ந்து தட்டானைப் போன்ற சிறகுகளோடு பறக்கும் என்று யார் சொல்லியும் நாங்கள் நம்பவில்லை.

இத்தகைய விளையாட்டுகளை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்த மரபு என்று சொல்லிப் பெருமைப்படுவோர் உண்டு. பனையையும் பூவரசையும் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன தாத்தா பூ, பட்டாசுக்காய், காட்டாமணக்கு, கொடுக்காப்புளி ஆகிய நான்கும் அமெரிக்கக் கண்டத்துத் தாவரங்கள். கடல்வழி வணிகம் தொடங்கிய பிறகு, கடந்த 500 ஆண்டுகளுக்குள் நம் மண்ணுக்கு வந்தவை. பூவை உறிஞ்சித் தேன் குடிப்பதற்காக நாங்கள் தேடிப் போன உண்ணிச்செடியும் அப்படியே. எனவே இந்த விளையாட்டுகளை எந்த முன்னோரும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. புதிதாக வந்து வரப்போரம் முளைத்த செடியை, வேலையற்ற ஒரு மாலையில் ஏதோ ஒரு குழந்தை கிள்ளிப் பார்த்து, நனைத்துப் பார்த்து, ஊதிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறது. அது இன்னொரு குழந்தைக்குச் சொல்லியிருக்கிறது. இதை உணர்ந்தபோது எனக்கு மிகுந்த நம்பிக்கை பிறந்தது. குழந்தைக்குத் தூய்மையான காடு தேவையில்லை. அரிய மூலிகைத் தோட்டமும் தேவையில்லை. சாலையோரக் களைச்செடிகளும் அவற்றைக் கிள்ளுவதற்கான நேரமும் கிடைத்தால், மீதியைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.

கண்டுபிடித்ததைக் கைமாற்றுவதிலும் பெரியவர்களுக்குப் பங்கில்லை. பத்து வயது அக்கா ஆறு வயதுத் தம்பிக்குச் சொல்வாள், எட்டு வயது அண்ணன் நான்கு வயதுத் தங்கைக்குச் சொல்வான். அதில் உயிரைக் காக்கும் அறிவும் சேர்ந்தே வந்தது. காட்டாமணக்குப் பாலில் குமிழி ஊதலாம், ஆனால் நாவில் படக்கூடாது; அதன் விதை கடலை போல இருந்தாலும் தின்னவே கூடாது. குண்டுமணியைச் சேர்த்து வைக்கலாம், கடிக்கக் கூடாது. அரளியின் பக்கமே போகக் கூடாது. ஊமத்தங்காய் எவ்வளவு அழகாக முள்ளோடு இருந்தாலும் கையாலும் தொடாதே. காட்டாமணக்கு விதையைத் தின்ற மாணவர்கள் வாந்தி மயக்கத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாக நாளிதழ்களில் அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தச் செடி பள்ளி வேலியில் இப்போதும் நிற்கிறது. அதைத் தின்னாதே என்று சொல்லக் கூடிய மூத்த பிள்ளை அருகில் இல்லாமல் போய்விட்டது. ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் அடைத்து, வகுப்பு முடிந்ததும் அதே வயதினரோடு இன்னொரு பயிற்சிக்கு அனுப்பும் வாழ்க்கையில், மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்குப் போகும் பாதை அடைபட்டுவிடுகிறது. இழந்தவற்றுள் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

மரம் ஏறுவதையும் இதே வரிசையில் சொல்ல வேண்டும். புளியங்கிளை வளையும், எளிதில் முறியாது; முருங்கை பார்க்கத் தடியாக இருக்கும், கால் வைத்ததும் முறியும். இதை வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒவ்வொரு கிளையிலும் கையால் அழுத்திப் பார்த்து, பாதி எடையை வைத்துப் பார்த்து, பிறகு முழு எடையையும் வைக்கும் பழக்கம் ஏறி ஏறித்தான் வரும். நார்வேயைச் சேர்ந்த எலன் சாண்ட்செட்டர் என்ற ஆய்வாளர், குழந்தைகள் தாமாகத் தேடிப் போகும் துணிச்சலான விளையாட்டுகளை உற்றுநோக்கி 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கத்தி போன்ற கருவிகள், நீர் நெருப்பு போன்ற ஆபத்தான இடங்கள், மல்லுக்கட்டல், தனியாகப் போய் மறைந்துகொள்ளல். நார்வே எங்கே, மதுரைப் பக்கம் எங்கே! ஆயினும் அந்த ஆறும் எங்கள் கண்மாய்க் கரையில் ஒரே மாலையில் நடந்துகொண்டிருந்தன. குழந்தைகள் அச்சத்தைத் தாங்கக்கூடிய அளவுக்குத் தாமே அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். முதல் கிளையில் நிற்கும் பிள்ளையை மேலே ஏறு என்று பெரியவர்கள் தூண்டும்போதுதான், அல்லது இறங்கு என்று அலறும்போதுதான் அந்த அளவு கெடுகிறது.

உடல்நலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் மிக உறுதியான சான்று கண்களைக் குறித்துக் கிடைத்திருக்கிறது. இன்று எந்த நகரத்து வகுப்பறைக்குள் நுழைந்தாலும் கண்ணாடி அணிந்த சிறு பிள்ளைகளைக் காண்கிறோம். பெற்றோர் உடனே கைபேசியைக் குறை சொல்கிறார்கள். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. 6, 7 வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் சிட்னியில் 3.3 விழுக்காடு, சிங்கப்பூரில் 29.1 விழுக்காடு. மரபும் பெற்றோரின் கிட்டப்பார்வையும் ஏறக்குறைய ஒன்றே. சிட்னிப் பிள்ளைகள் வாரந்தோறும் கூடுதலாகவே புத்தகம் படித்தார்கள். ஆனால் அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் சுமார் 3 மணி நேரம் மட்டுமே. இதற்குப் பின் சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளைத் தேர்ந்து, அவற்றுள் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பள்ளி நாளும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் செயல்படும் வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, சேர்க்காத பள்ளிகளில் 39.5 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. சேர்த்த பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கு. வெறும் 40 நிமிடத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்தது.

வெளிச்சத்தின் அளவில்தான் இதன் காரணம் இருப்பதாகத் தெரிகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். வகுப்பறைக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். வெளியில் மர நிழலிலேயே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள், விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். ஆகவே உச்சி வெயிலில் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. நம் ஊர்க் கோடையில் பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிவரை வெளியே விடுவது தவறும்கூட. காலையிலும் மாலையிலும் புங்க மரத்தடியில் விளையாடினாலே கண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிடும். கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு அதே அறைக்குள் பாடப்புத்தகத்தைக் கொடுப்பதால் கிடைக்காது.

மண்ணைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் சரளை முற்றத்தில் காட்டின் மேல்மண்ணையும் புல்லையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பி, 28 நாட்கள் பிள்ளைகளை அதில் விளையாட விட்டார்கள். அவர்களுடைய தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகியதோடு, நோய் எதிர்ப்பை நெறிப்படுத்தும் சில கூறுகளும் இரத்தத்தில் கூடியிருந்தன. 2020இல் வெளியான இந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் 75 பிள்ளைகளே. எனவே மண்ணில் விளையாடினால் இந்த நோய் வராது, அந்த நோய் வராது என்று இதைக் கொண்டு முழங்குவது நேர்மையாகாது. மண் பட்ட கையைப் பார்த்துப் பதற வேண்டாம், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்ற அளவுக்கு நான் இதை எடுத்துக்கொள்கிறேன். மலம் கழிக்கும் இடமாகவோ மருத்துவக் கழிவு கொட்டும் இடமாகவோ உள்ள மண் வேறு. அங்கே செருப்பும் எச்சரிக்கையும் கட்டாயம்.

இனி அச்சங்களைப் பேச வேண்டும், ஏனெனில் அவற்றில் உண்மை உண்டு. பாம்புக்கடியால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. அதைச் சிறிய ஆபத்து என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் படத்தில் பார்த்தேனும் அடையாளம் காணப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். வளையிலும் விறகுக் குவியலிலும் கை விடாதே, இருட்டிய பின் விளக்கில்லாமல் நடக்காதே, கடித்தால் கயிறு கட்டாமல் கத்தி வைக்காமல் உடனே அரசு மருத்துவமனை என்று மூன்று செய்திகளை ஐந்து வயதிலேயே சொல்லிக்கொடுக்கலாம். இந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்து உண்டு. அதற்கான நஞ்சை எடுத்துத் தருவதில், 1978இல் தொடங்கப்பட்ட வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தச் சங்கத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பாம்பைக் கண்டதும் அடித்துக் கொல்லும் எண்ணமும் சற்றுத் தணியும்.

நீரைப் பற்றிய அச்சம் இதைவிட நியாயமானது. எங்கள் காலத்தில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார்கள். நீந்தத் தெரியாத பிள்ளைக்குக் கிணற்றடி விலக்கப்பட்ட இடம். கண்மாயில் அந்த விலக்கு இல்லை, ஏனென்றால் உள்வாய் கரையை நோக்கிச் சீராகச் சரிந்து இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் படிப்படியாகக் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று இயந்திரத்தைக் கொண்டு அளவுக்கு மீறி மண் அள்ளிய கண்மாய்களில் அந்தக் கணக்கு செல்லாது. முழங்கால் நீரில் நின்ற பிள்ளை அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்துக்குள் போய்விடுகிறது. மழைக்குப் பின் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்திகள் பலவற்றின் பின்னே இந்தப் பள்ளங்கள் இருக்கின்றன. அதைப் பிள்ளைகளின் துடுக்குத்தனம் என்று எழுதிக் கடந்துபோவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த ஆபத்தை உண்டாக்கியவர்கள் பெரியவர்கள். மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறும், தடுப்புச் சுவர் இல்லாத கிணறும் அத்தகையவைதான். இவற்றைச் சரிசெய்யாமல் பிள்ளையை வீட்டுக்குள் அடைப்பது, தவறு செய்தவரை விட்டுவிட்டுப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிப்பதாகும்.

பழைய ஊர்ப் பொதுவெளியை நான் குறையற்ற சொர்க்கமாகச் சித்திரிப்பதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. ஊர்ப் பிள்ளைகள் குதித்து விளையாடிய கிணற்றில் சேரிப் பிள்ளைகள் இறங்க முடியாத ஊர்கள் எத்தனையோ; அவர்கள் ஏறிய மரத்திலிருந்து விரட்டப்பட்டதும் உண்டு. பெண் குழந்தைகளுக்கோ வயதுக்கு வந்த நாளோடு கண்மாய்க் கரை முடிந்துபோனது. என்னுடன் மரம் ஏறியவர்களில் மிகச் சிறந்தவள் ஒரு பெண். ஏழாம் வகுப்புக்குப் பிறகு அவளை அந்தப் பக்கம் நாங்கள் பார்க்கவே இல்லை. நாம் புதிதாக உருவாக்கும் இடங்கள் இந்த இரண்டு வேலிகளும் இல்லாதவையாக இருக்க வேண்டும். மீட்க வேண்டியது விளையாட்டை. பழைய ஒழுங்கை அப்படியே மீட்பது என் நோக்கம் அன்று.

கிராமங்களில் அந்த நிலங்களே குறைந்துவிட்டன. கட்டடங்களும் தனியார் வேலிகளும் தின்றது போக எஞ்சியதைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றித் திரும்ப ஒப்படைக்க எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி மேய்ச்சல் நிலத்தை மீட்கக் கேட்போர், ஆடுமாடுகளோடு குழந்தைகளையும் சேர்த்துக் கேட்கலாம். பள்ளிகளுக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. திடல் என்றதும் எல்லா மரத்தையும் வெட்டிச் சமன் செய்துவிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. ஓரத்தில் ஒரு புதரும் ஒரு மண்மேடும் இருந்தால் கபடிக் களத்துக்கு இடைஞ்சல் எதுவும் வந்துவிடாது.

நகர்ப்புறத்தில் வாய்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு எதுவாக இருந்தாலும், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனை வாங்கும்போது வரைபடத்தில் பச்சை நிறத்தில் பூங்கா என்று காட்டப்படுவது இதுவே. பல இடங்களில் அது ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்து, தானாகவே புறம்போக்காக மாறி, பிள்ளைகளுக்குப் பிடித்த இடமாகிவிடுகிறது. பிறகு நிதி வந்ததும் செடிகளை அழித்து, பேவர் பிளாக் பதித்து, நடைபாதையும் இரும்புச் சறுக்குமரமும் வைத்து, புல்தரையில் நடக்காதீர் என்று பலகை மாட்டுகிறார்கள். பெரியவர்களின் நடைப்பயிற்சிக்கு அது பயன்படுகிறது, மறுக்கவில்லை. பிள்ளைகள் சறுக்குமரத்தில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருக்கும் மணலில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இதை டென்மார்க்கைச் சேர்ந்த நிலவடிவமைப்பாளர் சோரன்சென் வெகு காலத்துக்கு முன்பே கவனித்தார். தாம் வடிவமைத்த விளையாட்டிடங்களைவிடக் கட்டுமான இடங்களிலும் பழைய பொருள் கிடக்கும் இடங்களிலும் பிள்ளைகள் மகிழ்ச்சியாக விளையாடுவதைக் கண்டு, 1943இல், நாடு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தபோதே, கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் மண், பலகை, கல் போன்ற பொருட்களைக் கொண்ட விளையாட்டிடம் ஒன்றை உருவாக்கினார். நகர்த்த முடியாத பொருளிடம் குழந்தை ஒன்றை மட்டுமே செய்ய முடியும். நகர்த்தக்கூடிய பொருள் வீடாகும், கடையாகும், அணையாகும். பனைமட்டை, தென்னை ஓலை, செங்கல் துண்டு, ஓட்டாஞ்சில்லு, புளியங்கொட்டை என நமக்கு இவை விலையின்றிக் கிடைப்பவை.

மதுரையின் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் மனைப்பிரிவின் பூங்காவுக்கும் இப்போது பேவர் பிளாக் வரப்போகிறது. முன்பகுதியில் பதித்துக்கொள்ளுங்கள், பின்பகுதியில் உள்ள இரண்டு வேம்பையும் புங்கையையும் அவற்றுக்கு இடைப்பட்ட மண்ணையும் அப்படியே விட்டுவிடுங்கள் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டேன். அங்கே தண்ணீர்த் தொட்டியின் அடியில் என் மகளும் அவளுடைய கூட்டாளிகளும் யாரும் காட்டாமலேயே குழியானைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதன் பெயர் தெரியாததால் தாங்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் எழுந்த முதல் எதிர்ப்பு பாம்பைப் பற்றியது. எதிர்த்தவர் சொன்னது நியாயம்தான்: சுவரோரம் குவிந்து கிடக்கும் கட்டட இடிபாடுகளில் எலி இருக்கிறது, எலி இருந்தால் பாம்பும் வரும். இடிபாடுகளை முழுவதுமாக அகற்றுவது, பழைய கிணற்றுக்கு இரும்பு வலை போடுவது, புல்லை முன்பாதியில் மட்டும் வெட்டுவது, மாலையில் ஓய்வுபெற்ற இருவர் தம் நாற்காலியை அந்தப் பக்கம் போட்டுக்கொள்வது என்று பேசி முடிவாகியிருக்கிறது. சிமெண்ட் தளத்துக்கான மதிப்பீட்டிலிருந்து பின்பகுதியை நீக்கச் சொல்லி ஊராட்சிக்கு எழுதும் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். உங்கள் மனைப்பிரிவிலும் இத்தகைய இடம் இருந்தால், பணி தொடங்கும் முன்பே தானப் பத்திரத்தின் நகலையும் மதிப்பீட்டையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். கல் பதித்த பிறகு கேட்டால் அதைப் பெயர்த்தெடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.